பல் நிற்கும் இடம்

மரக்காணத்தில் பல் வைத்தியம் பார்க்கிறவளுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். தை மாதம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் வருகிறவர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: "புடுங்கிடுங்க டாக்டரம்மா." ஐப்பசி மழை இறங்கி அளம் முழுகிய பிறகு வருகிறவர்கள் வேறு ரகம். உட்காருவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், பல்லைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், கடைசியில் "எவ்ளோ ஆவும்?" என்று விசாரித்துவிட்டு, "மழை விட்டதும் வரேம்மா" என்று எழுந்து போவார்கள். மழை விட்டால் வேலை வந்துவிடும். சீசனில் காசு இருக்கும், நேரம் இருக்காது. மழையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. மழைக்காலத்துக்கென்று அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் அரிசி பருப்புக்கே போதாதபோது பல்லுக்கு எங்கே ஒதுக்குவது? 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. எங்களுக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் வாக்கில் கொட்டித் தீர்த்தது. அந்த வருஷம் மழைக்கால விசாரிப்புக்குக்கூட ஆள் வரவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போகிறவர்கள் இங்கே நிறுத்தி உப்புக் குவியலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தில் ஓரமாக விழுகிற, தலையில் கூடையோடு நடக்கிற பெண்களின் வாய்க்குள் பார்ப்பதுதான் என் தொழில். சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் படித்தேன். அங்கே மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்கள். முகடு, பள்ளம், கழுத்து வளைவு எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக வரவேண்டும். செதுக்கிச் செதுக்கி விரல் காய்த்துப்போனதே தவிர, பல் எதனால் நிற்கிறது என்பதை நான் உண்மையாகப் புரிந்துகொண்டது பல்லைப் பிடுங்கப் பிடுங்கத்தான்.

சீசனில் வருகிறவர் பிடுங்கச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ரூட் கெனால் என்றால் இரண்டு மூன்று நடை. அதற்கு மேல் மூடி போட வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்கினால் ஒரே நடையில் தீர்ந்தது. ஆனால் பிடுங்கியவுடன் ஒரு காரியம் செய்வேன். பல்லைக் கழுவித் துடைத்து, பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறவர் கையிலேயே கொடுப்பேன். இரத்தம் நிற்கிற அரை மணி நேரம் அவர் வாயைத் திறக்கக் கூடாது. எதிர்த்துப் பேச முடியாத அந்த அரை மணிதான் எனக்கு வாய்த்த வகுப்பு.

கையில் வாங்கினதும் எல்லாரும் புருவத்தை உயர்த்துவார்கள். "இவ்வளவு நீளமா?" என்பது அதற்கு அர்த்தம். கண்ணாடியில் நாம் பார்க்கிற வெள்ளைப் பகுதி பல்லில் பாதிகூட இல்லை. மீதி வேர், தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. வெள்ளையாக இருப்பது எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், எலும்புகூட அதற்குக் கீழேதான். எடையில் 96 சதவீதம் தாது. கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும், ஈறை நெருங்க நெருங்க மெலிந்து, கழுத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். எனாமலுக்குள் உயிரணு கிடையாது. அதைக் கட்டிய அணுக்கள் பல் முளைக்கும்போதே உதிர்ந்துவிடுகின்றன. அதனால் உடைந்த கை எலும்பு கூடுவதுபோல எனாமல் கூடாது. போனது போனதுதான்.

எனாமலுக்குக் கீழே மஞ்சளாக இருப்பது டென்டின். பல்லின் உடம்பே அதுதான். எனாமலைவிட மெத்து. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம், உள்ளே இருக்கும் நரம்பை நோக்கி ஓடுகின்றன. குழாய்களுக்குள் நீர் நிற்கிறது. ஐஸ் வாட்டர் பட்டதும் அந்த நீர் அசைகிறது, அசைவை நரம்பு வலியாக உணர்கிறது. பல் கூச்சம் என்று நாம் சொல்வது இதைத்தான். 1960களில் பிரான்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டுக்காரர் இதைச் சோதித்துக் காட்டினார். நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ். வேரைச் சுற்றி எனாமல் இல்லை, சிமென்டம் என்று மெல்லிய ஒரு பூச்சு மட்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பஞ்சோடு மூக்கால் பேசுகிறவரும் உண்டு. "அப்ப பல்லு எலும்புல ஒட்டிக்கினு இருக்குதா?"

இல்லை. அதுதான் நான் சொல்லக் காத்திருக்கிற விஷயம். பல் எலும்பில் ஒட்டவில்லை, தொங்குகிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் நார்கள், சிமென்டத்தில் ஒரு முனையும் எலும்பில் ஒரு முனையுமாகப் புதைந்து, பல்லைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நாம் கடிக்கும்போது பல் மயிரிழை உள்ளே அமுங்கி மீள்கிறது. சோற்றில் ஒரு மணல் பொடி இருந்தால் சட்டென்று தெரிகிறதே, அதைச் சொல்வது எனாமல் அல்ல, இந்த நார்களுக்கு நடுவே இருக்கும் நரம்பு முனைகள். பிடுங்கும்போது நாங்கள் பல்லை மேலே இழுப்பதும் இல்லை. குறடை வேர்ப்பக்கம் அழுத்திப் பிடித்து, கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெல்ல அசைப்போம். எலும்புக் குழி கொஞ்சம் விரியும், நார்கள் ஒவ்வொன்றாக அறும். அறுந்து முடிந்த கணம் கைக்குத் தெரியும். அதற்கப்புறம் பல் தானாக வந்துவிடும்.

இப்படி வருகிற பற்களில் இரண்டு ஜாதி. ஒன்று, மேலே சொத்தையில் அழுகி ஓடு மட்டும் நிற்கும், ஆனால் வேர் எலும்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க எனக்கு வியர்த்துவிடும். இன்னொன்று, ஒரு புள்ளி சொத்தை இருக்காது, எனாமல் பளபளவென்று இருக்கும், ஆனால் விரலால் பிடித்தாலே கையோடு வந்துவிடும். என் நாற்காலியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் நான் அதிகம் எடுப்பது இந்த இரண்டாவது ஜாதி. நல்ல பல், நிற்க இடமில்லாமல் வந்த பல். "பல்லு கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பல்லில் ஒரு கேடும் இல்லை. அதைப் பிடித்திருந்த எலும்பும் நாரும் கரைந்துவிட்டன, அவ்வளவுதான். வேரைத் திருப்பிக் காட்டுவேன். நுனிவரைக்கும் கறுப்பாகக் காரை படிந்திருக்கும்.

ஈறு எங்கே ஒட்டுகிறது என்பதை ஒரு கருவியால் அளப்போம். மழுங்கின முனை, மேலே மில்லிமீட்டர் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், நல்ல ஈறில் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். இரத்தமும் வராது. ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளந்து நான் சொல்லச் சொல்ல, என்னிடம் வேலை பார்க்கும் பெண் எழுதுவாள். "ரெண்டு, மூணு, ரெண்டு… மூணு, அஞ்சு, ஏழு." ஏழு என்று சொல்லும்போது நாற்காலியில் இருக்கிறவரின் கண் திரும்பும். மார்க்கு ஏறினால் நல்லதுதானே என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இல்லையம்மா, இந்தப் பரீட்சையில் குறைந்தால்தான் பாஸ். ஏழு என்றால் அந்த இடத்தில் நார்கள் விட்டுப்போய், எலும்பு கீழே இறங்கி, ஈறுக்குள் பை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பைக்குள் எந்த பிரஷ்ஷும் போகாது.

கறுத்த ஈறை நினைத்துக் கவலைப்பட்டு வருகிறவர்களும் நிறைய, பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிற பிள்ளைகள். சிவப்பாக்கித் தரச் சொல்வார்கள். நம்முடைய தோலில் இருக்கிற அதே நிறமிதான் ஈறிலும் இருக்கிறது, அது நோய் இல்லை. நோயின் அடையாளம் வீக்கம், பளபளப்பு, தொட்டால் இரத்தம். டெலிவிஷன் விளம்பரத்து ரோஜா நிற ஈறை வைத்து ஊரையே நோயாளியாக்கிவிட்டார்கள் என்பது என் எரிச்சல்.

காரை எப்படிக் கட்டுகிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நோயாளி. ஆயுசெல்லாம் அளத்தில் வாரின கை, வயசு எழுபதை நெருங்கும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் ஐந்து பல்லும் ஒரே கட்டியாகக் காரையில் பிணைந்திருந்தன. ஒரு துண்டைப் பெயர்த்துத் தட்டில் போட்டேன். எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எம்மா, உப்பு விளையிற பாத்திக்கு முந்தின பாத்தி இருக்கு பாரு, அதுல அடியில சுண்ணாம்பு மாதிரி ஏடு கட்டும். அது எறங்குனப்புறந்தான் உப்பு எறங்கும். இது அந்த ஏடு மாதிரி இல்ல இருக்குது?"

"அதேதான் பெரியவரே."

அவர் சொன்னது இரசாயனப் பாடத்துக்குப் பிசகில்லாத பேச்சு. கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் கால்சியச் சத்துகள், சுண்ணாம்பும் ஜிப்சமும், படிந்துவிடுகின்றன. நீரின் அடர்த்தி மானியில் 25 டிகிரியைத் தொட்ட பிறகுதான் சாப்பாட்டு உப்பு பூக்கத் தொடங்கும். வாயிலும் அதே கால்சியம்தான், கூட பாஸ்பேட். எச்சிலில் இவை இரண்டும் கரைய முடிகிற அளவுக்கு மேலேயே இருக்கின்றன. பல்லில் தினமும் படிகிற மெத்தென்ற ஊத்தையைத் துடைக்காமல் விட்டால், அதையே தளமாக வைத்துக்கொண்டு தாது இறங்கி, சில நாளிலேயே கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். எங்கே முதலில் கட்டும் என்றால், எச்சில் மடை திறக்கிற இடத்தில். நாக்குக்கு அடியில் இரண்டு மடை, அதனால் கீழ் முன்பல்லின் உள்பக்கம். மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தில் ஒவ்வொரு மடை, அதனால் அந்தப் பல்லின் வெளிப்பக்கம். கை ஓடாத இடமும் அதுவேதான். பெரியவர் நாக்கால் தடவிப் பார்த்து, "மடை வாயிலதான் எப்பவும் சேரும்" என்றார். அன்றிலிருந்து அளத்துக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு வேறு படமே தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன். ஈறைத் தின்பது காரை அல்ல. காரையின் சொரசொரப்பில் குடியிருக்கிற உயிருள்ள ஊத்தை, அதில் இருக்கிற கிருமிகள். அவற்றோடு சண்டை போடுகிற நம்முடைய உடம்புதான் எலும்பைப் பின்வாங்க வைக்கிறது. காரையை எடுக்காமல் கிருமியை வெளியேற்ற முடியாது. எடுக்கலாம் என்று சொன்னால்தான் பயம். "க்ளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்" என்று இந்தக் கடற்கரை முழுக்க நம்புகிறார்கள். அந்தச் சந்து முன்பே விழுந்தது. அதை அடைத்துக்கொண்டிருந்தது காரையும் வீங்கின ஈறும். காரை போய், வீக்கம் வற்றி, ஈறு சுருங்கினால் உள்ளதுள்ளபடி தெரிகிறது. ஆடுவதும் அப்படித்தான், எலும்பு போன பல்லைக் காரை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது. இதைச் சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். உப்பு விளைகிற ஊரில் உப்பால் பல் தேய்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்? கோபால் பல்பொடி வாங்கக் காசில்லாத காலத்தில் அளத்து உப்பும் அடுப்புக் கரியும்தான் இங்கே பல்பொடி. செங்கல் பொடி, உமிக்கரி எல்லாம் உண்டு. இந்த விஷயத்தில் நான் மற்ற டாக்டர்களோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. உப்பை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. தாதுப் பொருள்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவு என்று ஒன்று இருக்கிறது. அதில் உப்புக் கல் சுமார் இரண்டரை, எனாமல் ஐந்துக்குப் பக்கம். உப்பால் எனாமலைக் கீற முடியாது. ஆனால் மணல் ஏழு. அளத்துக் களிமண் தரையிலிருந்து வாரின கல்லுப்பில் மணலும் மண்ணும் கலந்தேதான் வரும். உமிக்கரியில் கணிசமான பங்கு சிலிக்கா, அதாவது மணலின் அதே சத்து. செங்கல் பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஐம்பது வருஷமாகக் கல்லுப்பில் பல் தேய்த்த ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னேன். நம்பவில்லை. "வெள்ளையா இருக்கற உப்புல இன்னாத்த மண்ணு?" கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவர் மடியிலிருந்த உப்பையே ஒரு பிடி போட்டுக் கலக்கி மேஜைமேல் வைத்தேன். அடுத்தவரின் பல்லைப் பார்த்து முடிப்பதற்குள் டம்ளரின் அடியில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. பாட்டி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சு வரவில்லை. கடைசியில் நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம்: உப்பைக் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை வெதுவெதுப்பாக வாயில் வைத்துக் கொப்பளிக்கலாம். தேய்ப்பதற்குப் பேஸ்ட். உப்புத் தண்ணீர் வீங்கின ஈறுக்கு இதமாக இருக்கும், வலி குறையும். ஆனால் ஏழு மில்லிமீட்டர் பைக்குள் அது இறங்காது. வலி நின்றுவிட்டது, நோய் போய்விட்டது என்று நினைக்க வைப்பதுதான் அதன் ஆபத்து.

மணல் எங்கே அறுக்கிறது தெரியுமா? முகட்டில் அல்ல, கழுத்தில். எனாமல் முடிகிற இடத்தில், ஈறு கொஞ்சம் இறங்கியதும் வெளியே தலைகாட்டுகிற டென்டினில். குறுக்காக அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, கோரைப் பல்லிலும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டு பல்லிலும் ஆப்பு வடிவத்தில் குழி விழும். நகம் வைத்தால் நகம் உள்ளே உட்காரும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் ஆழம், அந்தப் பக்கம்தான் கை முதலில் போய் வலுவாக இழுக்கிறது. இடது பக்கம் குழி அதிகம் இருந்தால், "வலது கையா?" என்று கேட்பேன். ஜோசியம் சொன்னதுபோலப் பார்ப்பார்கள். இந்தக் குழிக்கு மணல் கலந்த உப்பு மட்டும் காரணம் இல்லை, முரட்டு பிரஷ்ஷும் அதே வேலையைச் செய்யும். மெத்தென்ற பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்தால் போதும். விரலால்தான் தேய்ப்பேன் என்கிறவரிடம் சண்டை போட மாட்டேன். விரலுக்குப் பிறகு சந்தில் ஒரு நூலோ சின்ன பிரஷ்ஷோ ஓடினால் சரி.

ஜோசியம் பலிக்கிற இன்னொரு இடம் குப்பத்து ஆட்கள். முன்பல்லின் நுனியில் நடுவாக ஒரு சிறு பள்ளம் இருந்தால், வலை பொத்துகிறவர் என்று சொல்லிவிடலாம். நைலான் நூலைப் பல்லில் கடித்து இழுத்து இழுத்து விழுந்த தடம். தையல்காரர்களுக்கும் ஊசி நூலால் இது வரும். எனாமல் கெட்டிதான், ஆனால் வருஷக்கணக்கில் ஒரே நூல் ஒரே இடத்தில் ஓடினால் அதற்கும் வழி கொடுக்கத்தான் வேண்டும். கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். "அத எங்க தேடறது? பல்லு கூடவே இருக்குதே" என்பார்கள். இந்தப் பதிலுக்கு இன்றுவரை என்னிடம் மறுபதில் இல்லை.

புகையிலையைப் பற்றி இரண்டு வரி. அது ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது, அதனால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே இரத்தம் வராது. இரத்தம் வரவில்லை, ஈறு பலமாக இருக்கிறது என்று மார்தட்டுகிறவர்களிடம்தான் அளவுகோல் ஆழமாக இறங்கும். கன்னத்தில் அடக்கிவைக்கிற இடத்தில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் நான் காரையைத் தொடவே மாட்டேன், முதல் வேலையாகச் சதை எடுத்துச் சோதிக்கப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். சர்க்கரை விஷயமும் அப்படித்தான். பல பல்லில் ஒரே சமயத்தில் சீழ்க்கட்டி எழும்பினால், வாயை மூடச் சொல்லி முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வேன். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டு நாள்பட்டால் சர்க்கரை அடங்காது. தங்களுக்குச் சர்க்கரை இருப்பதையே பல் நாற்காலியில் தெரிந்துகொண்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஆனால் இங்கே பெண்களின் வாயில் நான் பார்க்கிற ஒரு கேடு இவை எதிலும் சேராது. ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேரில், கழுத்தைச் சுற்றி வளையம் போட்டதுபோலப் பழுப்பாக ஒரு சொத்தை. முகட்டில் ஒன்றுமிருக்காது. வயசும் முப்பத்தைந்து, நாற்பதுதான் இருக்கும். இனிப்பு அதிகம் சாப்பிடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது. விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் அளத்தில் இறங்குகிறார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று ஆண் டாக்டர் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"குடிச்சா போவணும்ல டாக்டரம்மா. எங்க போறது? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெட்ட வெளி. ஒரு செடி இருக்குதா ஒதுங்க?"

அதனால் மதியம் வீட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் வாய் காய்ந்தே கிடக்கும். நடுவே இரண்டு மூன்று தடவை தூக்கில் வருகிற டீ, அரை டம்ளர், நிறையச் சர்க்கரை போட்டு. பசியையும் தாகத்தையும் அதுதான் தாண்ட வைக்கிறது. பல்லுக்கு இதைவிட மோசமான கூட்டணி இல்லை. எச்சில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. வாயைக் கழுவுவது, அமிலத்தை அடக்குவது, எனாமல் இழந்த தாதுவைத் திரும்பப் பூசுவது எல்லாம் அதன் வேலை. சர்க்கரை கிடைத்த சில நிமிஷத்தில் ஊத்தையில் இருக்கிற கிருமிகள் அமிலம் சுரக்கும். அமிலம் ஏற ஏற பிஹெச் எண் இறங்கும்; அது 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் இருந்தால் அரை மணி, முக்கால் மணியில் மீட்டுவிடும். எச்சில் வற்றின வாயில் மீட்பதற்குள் அடுத்த டீ வந்துவிடுகிறது. வேருக்கு 5.5 கூட வேண்டாம், 6.5 வாக்கில், எனாமல் சும்மா இருக்கும்போதே அது கரைய ஆரம்பித்துவிடும். மணல் கலந்த உப்பு கழுத்தை அறுத்தது, ஊத்தை ஈறை இறக்கியது, வேர் வெளியே வந்தது, வாய் காய்ந்தது, டீ வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அந்த இரண்டு மில்லிமீட்டர் வேரில் வந்து முடிகிறது.

பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து இதைத் தீர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். அளத்தில் ஒரு மறைப்பும் ஒரு கழிப்பறையும் இருந்தால் பாதி தீரும். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுப் பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் கேன் வைக்கிறோம் என்றார்கள், வைத்தார்கள். கழிப்பறை வரவில்லை. கேன் நிறைந்தே இருக்கிறது.

என் கையில் இருப்பது ஃப்ளோரைடு. சுவிட்சர்லாந்தில் 1955லேயே சாப்பாட்டு உப்பில் ஃப்ளோரைடு கலந்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். நம் உப்பில் நாம் கலப்பது அயோடின், தைராய்டுக்காக. பல்லுக்கு அதனால் இலாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சுவிஸ்காரர்கள் செய்ததை அப்படியே இங்கே செய்துவிடவும் முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு மிஞ்சிப்போய், பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு விழுந்து, எலும்பு வளைந்து, ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுபோக வேண்டிவந்த மாநிலம் இது. உப்போ ஊருக்கெல்லாம் ஒன்றாகப் போகும். அதனால் ஆளைப் பார்த்து, பல்லைப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் பூசுவதுதான் சரி. பேஸ்ட்டில் இருப்பது 1,000 பிபிஎம் வாக்கில். நான் வேரில் பூசுகிற வார்னிஷில் 22,600. வேரைத் துடைத்து, காற்று ஊதி, சின்ன பிரஷ்ஷால் ஒரு பூச்சு. எச்சில் பட்டதும் மஞ்சளாக உறைந்து ஒட்டிக்கொள்ளும், சில மணி நேரம் ஃப்ளோரைடைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வேர்ச் சொத்தை உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஐந்து நிமிஷ வேலை, ஊசி இல்லை, கூலி போகாது. அளத்திலிருந்து திரும்புகிற வழியில் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

போன வாரம் அப்படி வந்த ஒரு பெண்ணிடம் வழக்கம்போலச் சொன்னேன்: "ராத்திரி சூடா எதுவும் குடிக்காதம்மா. நாளைக்குக் காலையில வரைக்கும் பல்லு தேய்க்கவும் கூடாது."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். "பாத்தியாடி, பல்லு தேய்க்காதன்னு சொல்ற டாக்டரம்மாவ? இத எம் பையங்கிட்ட சொல்லிடாத."